கண்ணுக்கா, கைக்கா? சமையலறைக் கருவிகளை முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

சமையலறைக்கு முதல்முறையாகக் கருவிகள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இழுபடுவார்கள். ஒரு பக்கம், படத்தில் பார்த்து ஆசைப்பட்ட சமையலறை: எல்லாம் ஒரே நிறம், ஒரே வழுவழுப்பு. இன்னொரு பக்கம், "அழகைப் பார்த்து மயங்காதே, உழைக்கிறதா பார்த்து வாங்கு" என்கிற வீட்டுப் பெரியவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தினமும் நிற்கிற இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தால்தான் சமைக்க மனம் வரும். அதை வெட்டி ஆசை என்று ஒதுக்க வேண்டியதில்லை. அழகை எங்கே தேடுவது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

பல வருடம் வாங்கி, சமைத்து, துடைத்து நான் கண்டுகொண்டது இது: சுலபமாகத் துடைக்க வருகிற பொருள்தான் சமையலறையில் இரண்டு வருடம் கழித்தும் அழகாக இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் நீராவியும் எல்லாப் பொருளின் மேலும் படியும். துணி எட்டாத இடுக்கு உள்ள கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் சீக்கிரமே மங்கிப்போகும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

1990இல் இரண்டு சமையலறைப் பொருட்கள் வெளிவந்தன. ஒன்று, அலெஸ்ஸி நிறுவனத்துக்காக பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த 'ஜூசி சாலிஃப்' எலுமிச்சை பிழிவான். மூன்று நீண்ட கால்களில் நிற்கும் அலுமினியச் சிற்பம் போல இருக்கும். வடிகட்டி கிடையாது, சாறோடு விதையும் கீழே விழும். இன்னொன்று, சாம் ஃபார்பர் தொடங்கிய ஆக்ஸோ நிறுவனத்தின் தோல்சீவி. அவருடைய மனைவிக்கு மூட்டுவலி. மெல்லிய உலோகப் பிடியைப் பிடிக்கக் கஷ்டப்பட்டார் என்பதால் தடித்த, மெத்தென்ற ரப்பர் பிடி வைத்தார்கள். இரண்டுமே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அலமாரியில் வைத்துப் பார்க்க முதலாவது, கையில் எடுத்து வேலை செய்ய இரண்டாவது. நீங்கள் வாங்கப்போகும் ஒவ்வொரு பொருளையும் இந்த இரண்டில் எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் படி: ஒரு வாரம் கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். இப்போது கைவசம் உள்ள பொருட்களை வைத்தே ஒரு வாரம் சமையுங்கள். எதை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று கோடு போட்டு வாருங்கள். கெட்டில் ஒரு நாளைக்கு ஐந்து முறை, மிக்ஸி இரண்டு முறை, ஓவன் வாரத்துக்கு ஒரு முறை என்று உங்கள் கணக்கு உங்களுக்கே தெரியவரும். 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்தபோதும் முதலில் ஆராயப்பட்டது சமைப்பவரின் அசைவும் அதற்கு ஆகும் நேரமும்தான். இன்றைய மாடுலர் சமையலறைகளுக்கெல்லாம் அது முன்னோடி.

கோடு எண்ணிக்கை சொல்வதைக் கேளுங்கள். தினமும் பல முறை எடுக்கிற பொருளில் கைக்குத்தான் முதல் இடம்: பிடி, எடை, சத்தம், கழுவும் வசதி. வாரம் ஒருமுறை எடுப்பதில் கொஞ்சம் கண்ணுக்கும் இடம் கொடுக்கலாம். மாதத்தில் ஒருமுறைகூட எடுக்காதது என்றால் அதை வாங்கவே வேண்டாம்.

இரண்டாம் படி: அளவு எடுங்கள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். பெரும்பாலான சமையல் மேடைகளின் ஆழம் 60 செ.மீ. சுற்றில் இருக்கும். நிறைய ஃபிரிட்ஜ்கள் 70 செ.மீ.க்கு மேல் போகும். அப்போது மேடை வரிசையிலிருந்து முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். படத்தில் பார்த்த அந்த ஒரே நேர்கோட்டு அழகு வேண்டுமானால், ஆழம் குறைந்த மாடலைத் தேட வேண்டும். அதில் கொள்ளளவு குறையும். இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அகலம், உயரம், ஆழம் மூன்றையும் எழுதிக்கொண்ட பிறகு, பலர் மறக்கிற நான்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவின் கைப்பிடி எவ்வளவு வெளியே நீட்டுகிறது? பின்னால் பிளக்குக்கும் காற்றுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? வீட்டு வாசலும் படிக்கட்டுத் திருப்பமும் அந்தப் பொருளை உள்ளே விடுமா? சுவரை ஒட்டி நிற்கும் ஃபிரிட்ஜின் கதவு 90 டிகிரியோடு நின்றுவிட்டால், பல மாடல்களில் உள்ளே இருக்கும் காய்கறி டிராயரை முழுதாக வெளியே இழுக்க முடியாது. கழுவ வேண்டும் என்றால் ஃபிரிட்ஜையே நகர்த்த வேண்டியிருக்கும்.

மின்சாரமும் ஒரு அளவுதான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதே இணைப்பில் ஓவனும் ஓடினால் அந்த லைன் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அழகான மேடையின் குறுக்கே எக்ஸ்டென்ஷன் வயர் தொங்குவதைவிட அவலட்சணம் வேறில்லை, ஆபத்தும்கூட.

மூன்றாம் படி: கடையில் கண்ணை மூடி, கையைத் திறங்கள்

கடைக்குப் போகும்போது மூன்று பொருட்களை எடுத்துப் போங்கள்: அளவு நாடா, ஒரு சின்ன காந்தம், ஒரு ஈரத்துணி.

ஈரத்துணிக்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய இண்டக்ஷன் அடுப்பு ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை. குமிழ், பட்டன் எதுவுமே இல்லை. தொட்டால் மட்டும் சிவப்பு எண்கள் மின்னும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. ஒரு நாள் காலை பால் பொங்கி, விளிம்பைத் தாண்டி, தொடுபலகையின் மேலேயே வழிந்தது. சூட்டைக் குறைக்க விரல் வைக்கிறேன், அது கீச்சிடுகிறது. ஈர விரல் அதற்குப் புரியவில்லை. விரலைத் துடைத்து, பலகையைத் துடைத்து, மறுபடி அழுத்துவதற்குள் மீதிப் பாலும் வெளியே வந்துவிட்டது. கடைசியில் பாத்திரத்தைத் தூக்கித்தான் நிறுத்த முடிந்தது. சமைக்கிற கை எப்போதும் ஈரமாகவோ எண்ணெயாகவோதான் இருக்கும் என்பதைக் கடையில் நின்றபோது நான் யோசிக்கவில்லை. அடுத்த அடுப்பைத் திருகு குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். பார்க்க அவ்வளவு எடுப்பாக இல்லை, ஆனால் கண் பார்க்காமலே கை சூட்டைக் குறைக்கிறது.

அதனால், காட்சிக்கு வைத்த மாடலில் விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டு விரலை லேசாக நனைத்து இயக்கிப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பொருளின் உடம்பு முழுக்கத் தடவுங்கள். விரல் நகம் மாட்டும் இடமெல்லாம் நாளைக்குப் பிசுக்கு சேரும் இடம். குமிழைச் சுற்றி ஒரு குரோம் வளையம், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு, அழுத்திப் பதித்த எழுத்து, அலங்காரத்துக்காக வைத்த ஆணித்தலைகள், எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். என் பழைய மிக்ஸியின் குமிழைச் சுற்றி அப்படி ஒரு வெள்ளி வளையம் இருந்தது. அதன் அடியில் சேர்ந்த மஞ்சள் பசையை மாதம் ஒருமுறை ஊசியால் நோண்டி எடுப்பேன். குமிழ் கையோடு கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்த்திருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும். கழற்ற முடிந்த குமிழ், கழற்ற முடிந்த மூடி, கழற்ற முடிந்த ஃபில்டர் ஆகியவற்றுக்கு எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுங்கள்.

நான்காம் படி: மேற்பரப்பைப் படியுங்கள்

நிறத்தைவிட மேற்பரப்பு என்ன பொருள் என்பதுதான் முக்கியம்.

எவர்சில்வர் எல்லாம் ஒன்றில்லை. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். உப்புக்கும் ஈரத்துக்கும் நன்றாகத் தாங்கும். 430 ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை; விலை குறைவு, உப்புத் தண்ணீர் நின்றால் புள்ளி விழ வாய்ப்பு அதிகம். கொண்டுபோன காந்தத்தை வைத்துப் பாருங்கள்: 430இல் கெட்டியாக ஒட்டும், 304இல் ஒட்டாது அல்லது லேசாகத்தான் இழுக்கும். ஃபிரிட்ஜ் கதவுக்கு 430 போதும். தண்ணீர் எப்போதும் நிற்கிற இடத்துக்கு 304 கேளுங்கள். எதுவானாலும் குளோரின் பிளீச் போட்டுத் துடைக்காதீர்கள், உலோகத்தின் மேல் தெரியும் மெல்லிய கோடுகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள். விரல் ரேகை தெரியாத பூச்சு உள்ள எவர்சில்வர் கைக்குழந்தை உள்ள வீட்டில் பெரிய நிம்மதி. ஆனால் கம்பி நார் பட்டால் அந்தப் பூச்சு போய்விடும்.

மங்கலான கறுப்பு இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் உப்புத் தண்ணீர்க் கறையும் எண்ணெய் விரலும் அதில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். துடைத்த துணியின் தடம்கூட நிற்கும். அடுப்பிலிருந்து தள்ளி இருக்கும் பொருளுக்கு அது சரி. அடுப்பை ஒட்டி வேண்டாம். வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலும் சூடும் பட்டுக் காலப்போக்கில் மஞ்சளாகும், அதைத் துடைத்து மீட்க முடியாது. வெள்ளைதான் வேண்டும் என்றால் எனாமல் பூசிய உலோகமாக வாங்குங்கள்.

கேஸ் அடுப்பில் கண்ணாடி மேற்பரப்பு துடைக்க அருமையாக இருக்கும், இடுக்கே இல்லை. ஆனால் அது பதப்படுத்திய கண்ணாடி. விளிம்பில் பலமாக அடிபட்டால் மொத்தமும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். கனமான பாத்திரங்களை டொம்மென்று வைக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்கு எவர்சில்வர்தான் பொருத்தம். இண்டக்ஷன் கண்ணாடியில் சர்க்கரைப் பாகு சிந்தினால் ஆறும்வரை விடாதீர்கள். சூட்டோடு சூடாகத் தட்டையான சுரண்டியால் எடுக்காவிட்டால் குழி விழுந்துவிடும்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு கருவியாக

அடுப்பைப் பற்றி ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்றுதான்: நீங்கள் வைத்திருக்கும் மிகப் பெரிய இரண்டு பாத்திரங்களின் அடிவட்டத்தை அளந்துபோய், பர்னர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். நான்கு பர்னர் இருந்தும் இரண்டு பாத்திரம் மட்டுமே வைக்க முடிகிற அடுப்புகள் உண்டு. இண்டக்ஷன் என்றால் பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாதவை அதில் சூடாகாது.

சிம்னியில்தான் தோற்றம் அதிகமாக ஏமாற்றும். சாய்ந்த கண்ணாடி, மெல்லிய விளக்கு எல்லாம் இருக்கும்; ஆனால் அது காற்றை இழுக்கிற இயந்திரம். உங்கள் சமையலறையின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி, அதைப் 10ஆல் பெருக்குங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர் என்றால் 22.5 கன மீட்டர். மணிக்கு 225 கன மீட்டர் இழுப்பது குறைந்தபட்சத் தேவை. எண்ணெயில் நிறையப் பொரிக்கிறவர்கள் இதைவிடக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். குழாய் நீளமாகி ஒவ்வொரு முறை வளையும்போதும் இழுவை குறையும், அதனால் வெளிச்சுவருக்குப் பக்கத்தில் அடுப்பு இருந்தால் நல்லது. குழாய் இல்லாமல் கரி ஃபில்டர் வழியாகக் காற்றைத் திருப்பி உள்ளேயே விடும் வகை வாசனையைக் குறைக்கும், நீராவியையும் சூட்டையும் வெளியேற்றாது. அகலம் அடுப்பைவிடக் குறையக் கூடாது. எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதற்குக் கையேட்டில் உள்ள அளவே முடிவு. பொதுவாக 65 முதல் 75 செ.மீ. இருக்கும். வலைபோன்ற ஃபில்டரைவிட, பட்டைபட்டையாக மடிந்த எவர்சில்வர் ஃபில்டர் கழுவச் சுலபம். கடையிலேயே அதைக் கழற்றி, உங்கள் தொட்டியில் படுக்க வைக்க முடிகிற அளவா என்று பாருங்கள். அப்புறம் சத்தம்: 10 டெசிபெல் கூடினால் காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கேட்கும். சத்தம் போடுகிற சிம்னியை நாளடைவில் யாரும் போடுவதே இல்லை.

ஃபிரிட்ஜ் அழகுக்கும் பயனுக்கும் சண்டையே வேண்டாத பொருள் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1935இல் ரேமண்ட் லோவி, சியர்ஸ் நிறுவனத்துக்காக கோல்ட்ஸ்பாட் ஃபிரிட்ஜை மறுவடிவமைத்தார். வெளிப்புறத்தை வழுவழுப்பாக்கியதோடு நிற்காமல், உள்ளே துருப்பிடிக்காத அலுமினியத் தட்டுகளையும், லேசாகத் தொட்டாலே திறக்கும் தாழ்ப்பாளையும் வைத்தார். நீங்களும் வெளியே பார்த்த பிறகு உள்ளே பாருங்கள். தட்டுகள் உயரம் மாற்ற வருகிறதா, சிந்தினால் அடுத்த தட்டுக்கு வழியாமல் விளிம்பு தடுக்கிறதா, கதவு ரப்பரின் மடிப்பைத் துடைக்க முடிகிறதா? கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள்; இழுவை தெரியாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக மூடவில்லை. உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடிக் கதவு வைத்தவை, உள்ளே நல்ல வெப்பக் காப்பு அடைத்த கதவைப் போலக் குளிரைக் காப்பதில்லை. தவிர, எப்போதும் அடுக்கி வைத்தால்தான் அது அழகு. கதவிலேயே தண்ணீரும் ஐஸும் தருகிற வசதி வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள். பழுதாகக்கூடிய பாகங்கள் கூடும், ஃபில்டர் மாற்ற வேண்டும், உள்ளே இடமும் குறையும். எந்த ஃபிரிட்ஜாக இருந்தாலும் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஃப்ரீசர் மைனஸ் 18இல் நிற்க வேண்டும்.

மிக்ஸியில் ஜாரைப் பாருங்கள், உடம்பின் நிறத்தை அப்புறம் பார்க்கலாம். மூடி ரப்பர் கழன்று வருகிறதா, பிளேடின் அடியில் விரலோ பிரஷோ போகிறதா, ஜாரின் கைப்பிடி ஈரக் கையில் வழுக்காமல் நிற்கிறதா? முதலில் தேய்வது ரப்பரும் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும்தான், அதனால் அவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அழகுக்காகக் கீழே துணி விரித்து அதன்மேல் வைக்காதீர்கள். பெரும்பாலான மிக்ஸிகள் அடியிலிருந்துதான் காற்றை இழுத்து மோட்டாரைக் குளிர்விக்கின்றன.

மைக்ரோவேவ் வாங்கினால் உங்கள் பெரிய தட்டை அளந்து, உள்ளே அது சுற்ற முடிகிறதா என்று பாருங்கள். சுழல்தட்டு இல்லாத சமதள மாடல் துடைக்கச் சுலபம். அலமாரிக்குள் பதிக்க ஆசைப்பட்டால் அதற்கென்று அனுமதித்த மாடலைத்தான் பதிக்க வேண்டும். மற்றவற்றுக்குச் சுற்றிலும் காற்று வேண்டும்.

கெட்டில் விஷயத்தில் தாராளமாக ஆசைப்படுங்கள். மேடையிலேயே நிற்கிற, சின்ன, மாற்றச் சுலபமான பொருள். 1 லிட்டர் தண்ணீரை 2000 வாட் கெட்டில் சுமார் மூன்று நிமிடத்திலும், 1000 வாட் கெட்டில் ஆறு நிமிடத்திலும் கொதிக்க வைக்கும். வடிவத்தால் அது மாறப்போவதில்லை. வாய் மட்டும் உங்கள் கை உள்ளே போகும் அளவு அகலமாக இருக்கட்டும். உப்புப் படிவைத் தேய்க்க வேண்டி வரும். மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் அடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆறாம் படி: ஒரே செட்டாக வாங்குவதா?

எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே வண்ணம் என்று வாங்கினால் முதல் நாள் கண் நிறையும். ஆனால் எல்லாக் கருவியும் ஒரே நாளில் பழுதாவதில்லை. ஆறாவது வருடம் மிக்ஸி போனால் அந்தப் புதினாப் பச்சை அதற்குள் தயாரிப்பிலேயே இருக்காது. அப்புறம் அந்த ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

நான் சொல்லும் வழி: பெரிய, பதித்து வைக்கிற, பத்து வருடம் இருக்கப்போகிற பொருட்களை எவர்சில்வர், வெள்ளை, கறுப்பு என்று எப்போதும் கிடைக்கும் நிறங்களில் எடுங்கள். பிடித்த நிறத்தைக் கெட்டில், டோஸ்டர், டப்பாக்கள், துணி, விளக்கு இவற்றில் கொண்டுவாருங்கள். குமிழும் கைப்பிடியும் ஒரே மாதிரி இருந்தாலே வெவ்வேறு நிறுவனப் பொருட்கள்கூடக் கண்ணுக்கு ஒரு குடும்பமாகத் தெரியும்.

ஏழாம் படி: பில் போடும் முன்

உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதோடு, எதற்கு என்றும் கேளுங்கள். மோட்டாருக்கோ கம்ப்ரெஸருக்கோ மட்டும் பத்து வருடம், மற்றதற்கெல்லாம் ஒரு வருடம் என்று இருக்கலாம். கண்ணாடி உடைந்தால் அதில் அடங்குமா? தொடுபலகை கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா, முழு போர்டும் மாற்ற வேண்டுமா? பழுது பார்க்கிறவர் உங்கள் வீட்டுக்கு வருவாரா? கையேட்டை முன்பே வாங்கி, "சுத்தம் செய்தல்" பகுதியை மட்டும் படியுங்கள். எதையெல்லாம் செய்யக் கூடாது என்ற பட்டியல் நீளமாக இருந்தால், அந்தப் பொருளின் அழகைக் காப்பாற்றும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

பொருள் வந்து இறங்கியதும், கொண்டுவந்தவர் நிற்கும்போதே கதவுகளைத் திறந்து மூடி, மூலைகளில் நசுங்கல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாதுகாப்புப் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே உரித்துவிடுங்கள். சூடு பட்டால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு வராது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியை வைத்திருங்கள். அந்த நாட்களுக்குள், நீங்கள் வழக்கமாகச் செய்கிற மிகக் கனமான சமையலை ஒருமுறை முழுதாகச் செய்து, முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.